மலிவு றேடியோவுக்குள் என்ன இருக்கிறது?



சென்ற மாதம் வானொலியில் நான் பேசிய விடயத்தை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தார்கள். பேச்சில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

எங்கள் நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாட்டுக் கேட்பவை ஒரு பங்கு, முறைப்பாடுகள் ஒரு பங்கு. முறைப்பாடுகளில் அநேகமானவை ஒரே வசனத்தில்தான் தொடங்கும்: "தம்பி, உங்கட றேடியோ இரையுது." நிலையத்தில் ஒலி துப்புரவாகத்தான் போய்க்கொண்டிருக்கும். இரைவது அவர்களுடைய வீட்டுப் பெட்டி. ஆனால் அதை எப்படிச் சொல்வது? கடைக்காரரிடம் நம்பி வாங்கிய சாமான். அதைப் பிழை சொன்னால் கோபம் வரும். அதனால் என்னைப்போல் திருத்த வேலை தெரிந்த ஒருவரைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அப்படி 2003 குளிர்காலத்தில் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடிக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு அப்போதே எழுபதுக்கு மேல். வல்வெட்டித்துறைக்காரர். குசினியில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, துணி விரித்து, கறுத்தப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அந்தப் பெட்டியை விவரிக்கத் தேவையில்லை. நிலையம் தேடும் முள் கிடையாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, பின்னால் ஒரு வயர், சுவரில் செருக ஒரு அடப்ரர். தமிழைத் தவிர வேறு எதுவும் அதில் வராது. வரக்கூடாது. ஆனால் அவருடைய பெட்டியில் தமிழுக்குப் பின்னால் ஆங்கிலப் பாட்டு மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதை ஒரு தொந்தரவாக மட்டுமே அவர் சொல்லவில்லை. அதற்கு முந்திய வாரம் மரண அறிவித்தல் போயிருக்கிறது. "...துறையைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட..." என்ற இடத்தில் ஆங்கில மேளம் ஒன்று மேலே ஏறிவிட்டது. பருத்தித்துறையும் துறைதான், காங்கேசன்துறையும் துறைதான், வல்வெட்டித்துறையும் துறைதான். பெயரும் சரியாகப் பிடிபடவில்லை. மறுமுறை வாசிக்கும்போது கேட்கலாம் என்று இருந்தவர் அதையும் தவறவிட்டார். நாலு நாள் கழித்துத் தமிழ்க் கடையில் ஒருவர் சொல்லித்தான், ஊரில் அடுத்த வளவில் இருந்த சிநேகிதி காலமானது தெரிந்திருக்கிறது. தகனம் முடிந்துவிட்டது.

"ஊரில எண்டால் போகேலாமல் இருந்திருப்பன். இது பஸ்சில அரை மணித்தியாலம், தம்பி" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். அதற்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல, முதலில் ஊரில் இருந்த றேடியோவிலிருந்து தொடங்கவேண்டும். ஏனென்றால் இந்த இரண்டுக்கும் முதுகெலும்பு ஒன்றுதான்.

எங்கள் வீடுகளில் இருந்த சிறிய ட்ரான்சிஸ்ரர் றேடியோவின் பின் மூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது ஒரு கறுத்தத் தண்டு. செப்புக் கம்பி சுற்றிய அந்தத் தண்டுக்குப் பெயர் ஃபெரைட். மத்திய அலைக்கு அதுதான் அன்ரெனா. அதனால்தான் றேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்தால் சத்தம் கூடிக் குறைந்தது. நீட்டும் கம்பி சிற்றலைக்கும் பண்பலைக்கும் மாத்திரம். அடுத்தது நிலையம் தேடும் திருகோடு இணைந்த சதுரமான பிளாஸ்ரிக் கப்பாசிற்றர். அதன் பின், தகரத் தொப்பி போட்ட சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகள் நாலைந்து. அவற்றின் தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என நிறம் பூசிய திருகுகள் இருக்கும். சிறுவயதில் நாங்கள் அவற்றைத் திருகிவிட்டு அடி வாங்கியிருப்போம். கடைசியில் சத்தத்தைப் பெருக்கும் பகுதியும் ஸ்பீக்கரும்.

அந்த நிறத் திருகுகள்தான் றேடியோவின் உயிர். காற்றில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வடி வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் வடியை மாற்றிக்கொண்டிருப்பது கடினம். எனவே வடியை ஓரிடத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டு, நமக்கு வேண்டிய நிலையத்தை அந்த இடத்துக்கு இழுத்து வருவது சுகம். றேடியோவே உள்ளுக்குள் ஓர் அலையை உண்டாக்கி, வெளியிலிருந்து வரும் அலையோடு கலக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒரே எண்ணாக வரும்படி திருகு இரண்டையும் சேர்த்து நகர்த்தும். மத்திய அலை, சிற்றலைப் பெட்டிகளில் அந்த எண் பெரும்பாலும் 455 கிலோஹேர்ட்ஸ். பண்பலையில் 10.7 மெகாஹேர்ட்ஸ். இந்த யோசனை முதலாம் உலகப் போரின்போது 1918ல், பாரிஸில் அமெரிக்க இராணுவத்தில் இருந்த எட்வின் ஆம்ஸ்ட்ரோங்குக்கு வந்தது. பின்னர் 1933ல் பண்பலை முறைக்குக் காப்புரிமை பெற்றவரும் அதே மனிதர்தான்.

இதில் ஒரு குறை உண்டு. மலிவுப் பெட்டிகளில் முன்வடி பலமில்லாததால், ஒரே சிற்றலை நிலையம் டயலில் இரண்டு இடத்தில் கேட்கும். இரண்டுக்கும் இடைவெளி 455இன் இருமடங்கு, அதாவது 910 கிலோஹேர்ட்ஸ். ஊரில் பி.பி.சி. தமிழோசை "ரெண்டு இடத்தில பிடிக்குது" என்று பெருமைப்பட்டவர்கள் இருந்தார்கள். பெருமைக்குக் காரணம் பெட்டி மலிவு என்பதே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றறியும் இல்லை. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். இதை அனுபவித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட்டும் ஒரு பெரிய கப்பாசிற்றரும் போடாமல் நேரே கொடுத்தால் செய்திக்குப் பதில் உறுமல்தான் வரும். இன்னொன்று, சைக்கிள் விளக்கையும் சேர்த்து எரிய விடவேண்டும். விளக்கைக் கழற்றிவிட்டால் டைனமோவுக்குச் சுமை குறைந்து மின்னழுத்தம் எகிறி, றேடியோ கருகிவிடும். அப்படிக் கருகியவற்றைத் திருத்தித்தான் நான் இந்த வேலையைப் பழகினேன். வேகமாகச் சுற்றினால் சத்தம் கூடும் என்று நினைத்து, முக்கியமான செய்தி வரும்போது வேகமாகச் சுற்றுவார்கள். அப்போதுதான் கருகும்.

சரி, ஸ்காபரோப் பெட்டிக்கு வருவோம்.

கனடாவில் ஒரு சமூகம் தனக்கென்று முழு பண்பலை அலைவரிசை பெறுவது லேசான காரியமல்ல. பெரிய நகரங்களில் இடமே இருக்காது. எனவே ரொறன்ரோவில் தமிழ் வானொலிகள் சில, ஏற்கெனவே இயங்கும் ஓர் ஆங்கில எஃப்.எம். நிலையத்தின் அலைக்குள் ஒளிந்துகொண்டு போகும் வழியைப் பிடித்தன. அதற்கு எஸ்.சி.எம்.ஓ. என்று பெயர். வீட்டின் முன்பக்கத்தில் சொந்தக்காரர் இருக்க, நாங்கள் பேஸ்மன்றில் வாடகைக்கு இருந்தது போலத்தான்.

ஒரு எஃப்.எம். அலைக்குள் பல தட்டுகள் உண்டு. அடித்தட்டில் 15 கிலோஹேர்ட்ஸ் வரை சாதாரண ஒலி. 19இல் ஒரு வழிகாட்டிச் சுரம். அது கேட்டால்தான் பெட்டி "ஸ்ரீரியோ" என்று விளக்குக் காட்டும். 23 முதல் 53 வரை, இடது வலது காதுகளுக்குரிய வித்தியாசம். சாதாரண றேடியோ அதற்கு மேல் உள்ளதை வடித்துக் கொட்டிவிடும். அந்தக் கொட்டும் இடத்தில்தான், 67இலும் 92இலும், வாடகைக்காரருக்கு இடம். நிலையத்தின் மொத்தப் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைக்கும். ஒலியின் அகலமும் குறைவு. பாட்டுக்குப் போதாது, பேச்சுக்குப் போதும். ஆனால் "ச"வுக்கும் "த"வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் கூரிய பகுதி முதலில் அடிபடும். வயதானவர்களின் காதிலும் முதலில் மங்குவது அதே பகுதிதான்.

ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருந்தது, ஒரு நிலையத்தில் பூட்டிய சாதாரண எஃப்.எம். றேடியோ. அதன் வாலில் இரண்டாவது ஒரு சின்ன றேடியோ. முதலாவது ஆங்கில நிலையத்தைப் பிடிக்கும். இரண்டாவது அதற்குள்ளிருந்து 67ஐத் தோண்டி எடுக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரேயொரு எட்டுக்கால் அல்லது பதினாலுகால் சிப் போதும். அது தானே ஓர் அலையை உண்டாக்கி, வரும் அலையின் பின்னால் நாய்க்குட்டி போல ஓடும். வரும் அலை முன்னும் பின்னும் அசைய, குட்டியும் அசையும். குட்டியைப் பிடித்திருக்கும் கயிறு எவ்வளவு இழுபடுகிறதோ அதுதான் ஒலி.

பிறகு ஏன் ஆங்கிலப் பாட்டுக் கேட்டது? மூன்று காரணங்கள் அந்த ஒரு குசினியிலேயே இருந்தன.

முதலாவது, பெட்டி செய்தவரின் சிக்கனம். 10.7 மெகாஹேர்ட்ஸ் வடி மூன்று காலுள்ள ஒரு சின்னப் பீங்கான் துண்டு. பக்கத்து நிலையங்களை அடக்க ஒடுக்கமான வடி போட்டால் சாதாரண றேடியோவுக்கு நல்லது. ஆனால் 67இல் இருக்கும் வாடகைக்காரரும் சேர்ந்து போகவேண்டுமானால் அகலமான வடி வேண்டும். ஒடுக்கமானதற்குள்ளால் இரண்டு பேரையும் நெருக்கித் தள்ளினால், ஆங்கிலப் பாட்டின் ஓரங்கள் நசிந்து வாடகைக்காரரின் இடத்தில் சிந்தும். சிந்தியதை எந்தச் சிப்பாலும் பிறகு துடைத்தெடுக்க முடியாது.

இரண்டாவது, பெட்டி வைத்த இடம். எஃப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீற்றர். உயர்ந்த கட்டிடங்களுக்கிடையில் நேரே வரும் அலையும், எதிர்க் கட்டிடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சந்திக்கும். சில இடத்தில் ஒன்றையொன்று கூட்டும், சில இடத்தில் வெட்டும். வெட்டும் இடத்துக்கும் கூட்டும் இடத்துக்கும் தூரம் 75 சென்ரிமீற்றராகக்கூட இருக்கலாம். அதாவது ஒரு கை நீளம். அப்படிக் குழம்பி வரும் அலையில் அடித்தட்டு ஒலி ஓரளவு நன்றாகவே கேட்கும். மேல்தட்டில் இருக்கும் தமிழ்தான் கெடும். போதாததற்குக் கீழே குளிர்சாதனப் பெட்டியின் அகலத் தகரம், அதன் மோட்டர். அந்த அம்மா வயரை வடிவாகச் சுருட்டி, றப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். துப்புரவான குசினி.

மூன்றாவது, வயது. இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடிய பெட்டி. மின்சாரத்தை வடிக்கும் கப்பாசிற்றர் சூட்டில் காய்ந்து, 120 ஹேர்ட்ஸ் உறுமல் அடியில் வந்துகொண்டிருந்தது. ஒலியைப் பிரிக்கும் சுருளும் தன் நடு இடத்தை விட்டு நகர்ந்திருந்தது. நடுவிலிருந்து நகர்ந்தால் சிந்துவது கூடும்.

கப்பாசிற்றரை மாற்றினேன். சுருளின் திருகை, ஆங்கிலம் ஆகக் குறையும் இடம்வரை மெல்லத் திருப்பினேன். வயரை அவிழ்த்து, 75 சென்ரிமீற்றர் அளவு நிமிர்த்தி, யன்னல் சட்டத்தோடு ஒட்டினேன். பெட்டியை யன்னலடிக்குக் கொண்டுபோனேன். ஒடுக்கமான வடியை அன்று மாற்றவில்லை, கையில் இல்லை. அடுத்த கிழமை போய் மாற்றினேன். அதன் பின் ஆங்கிலப் பாட்டு அடியோடு போனது என்று சொல்லமாட்டேன். பேச்சுக்கு இடையில் மௌனம் வரும்போது மட்டும், அடுத்த வீட்டில் போலக் கேட்டது.

இப்படியான பெட்டிகள் இன்று பல வீடுகளில் அலுமாரிக்குள் போய்விட்டன. அவற்றை எறிந்துவிட்டு இணையத்துக்கு வந்தவர்களுக்காக மிகுதியையும் சொல்கிறேன்.

இடையில் வந்த சட்டைப்பைக் குட்டி றேடியோக்களை நினைவிருக்கிறதா? "ஸ்கான்", "றீசெற்" என்று இரண்டே பொத்தான், பக்கத்தில் ஒரு ரோர்ச் விளக்கு. நிலையத்தைத் தாண்டிவிட்டால் பின்னுக்கு வர முடியாது, முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவற்றின் பாட்டன் பிலிப்ஸ் நிறுவனம் 1983ல் வெளியிட்ட ஒரு சிப். 10.7 மெகாஹேர்ட்ஸுக்குப் பதிலாக 70 கிலோஹேர்ட்ஸுக்கே அலையை இறக்கிவிட்டார்கள். அவ்வளவு கீழே இறங்கினால் தகரத் தொப்பிச் சுருள்கள் ஒன்றும் தேவையில்லை, சிப்புக்குள்ளேயே வடிகட்டலாம். நிறத் திருகுகள் போயின, திருத்த வேலைக்கும் இடமில்லாமல் போனது. காதில் மாட்டும் வயரே அதற்கு அன்ரெனா. வயரைச் சுருட்டிப் பையில் வைத்தால் இரையாமல் என்ன செய்யும்?

இன்று கடையில் வாங்கும் மலிவுப் பண்பலைப் பெட்டிகள் பலவற்றில் அந்தச் சிப்பும் இல்லை. அலையை இலக்கங்களாக மாற்றிக் கணக்குப் போட்டே ஒலியை எடுக்கும் சிப் இருக்கிறது. முள்ளும் திருகும் பழையதுபோலத் தெரியும். ஆனால் திருகு அலையைத் தொடுவதேயில்லை. அது எவ்வளவு திரும்பியது என்பதைச் சிப் வாசித்து, அதற்கேற்ற நிலையத்துக்குத் தாவும். சோதித்துப் பார்க்க லேசான வழி உண்டு. திருகும்போது நிலையம் மெல்ல மெல்ல ஏறி வந்தால் பழைய முறை. "டக்" என்று வந்து "டக்" என்று போனால் புதிய முறை. நியாயமாகச் சொன்னால், இந்தப் புதியவை விலைக்கு மீறிய சாமான். எங்கள் பழைய பெரிய பெட்டிகள் சிலவற்றை விடக் கூர்மையாகப் பிரிக்கின்றன.

கடைசியாக புளூரூத் ஸ்பீக்கர். இது வானொலிப் பெட்டி அல்ல. வானொலி கைத்தொலைபேசிக்கு இணையத்தால் வருகிறது. தொலைபேசியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கடைசிச் சில அடிகள்தான் புளூரூத். அகப்பட்ட மலிவு ஸ்பீக்கர் ஒன்றைத் திறந்தேன். பெருவிரல் அளவு பலகை. ஒரு சிப், பக்கத்தில் ஒரு பளிங்கு, பலகையிலேயே நெளிநெளியாக அச்சடித்த செப்புக் கோடு. அந்தக் கோடுதான் அன்ரெனா. 2.4 கிகாஹேர்ட்ஸில் அலையின் நீளம் 12 சென்ரிமீற்றர் அளவே என்பதால் அது போதும். பக்கத்தில் ஒலியைப் பெருக்கும் எட்டுக்கால் சிப் ஒன்று, ஒரு லிதியம் மின்கலம். அடியில் கனத்துக்காக வைத்த ஓர் இரும்புத் துண்டு. கையில் தூக்கும்போது தரமான சாமான் போலத் தெரியவேண்டுமாம்!

அந்தச் சிப் செய்யும் வேலை சின்ன வேலையல்ல. தொலைபேசியும் ஸ்பீக்கரும் 79 சிறு அலைவரிசைகளுக்குள், வினாடிக்கு 1600 தடவை, இருவரும் பேசிவைத்த ஒழுங்கில் பாய்ந்துகொண்டே கதைக்கின்றன. ஓரிடத்தில் இடைஞ்சல் இருந்தால் அடுத்த பாய்ச்சலில் தப்பிவிடலாம். மைக்ரோவேவ் அடுப்பும் இதே பகுதியில்தான் கசியும், ஆகவே சோறு சூடாக்கும்போது பாட்டு விக்கும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அதுவும் இந்த அலையை உறிஞ்சும். தொலைபேசியைப் பின் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் நீங்களே சுவர்.

ஒலி சுருங்கி, பொதியாகி, மறுபடி விரிய நேரம் எடுக்கும். இணையத்தில் வரும்போது இன்னும் பல வினாடிகள் பிந்தும். நேயர் நேரத்தில் "வானொலிச் சத்தத்தைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ" என்று அறிவிப்பாளர் கெஞ்சுவது இதனால்தான். முன்பு சத்தத்தைக் குறைக்காவிட்டால் கூவும். இப்போது நீங்கள் சொன்ன வணக்கமே சில வினாடி கழித்து வந்து உங்களைக் குழப்பும்.

மின்கலம் பற்றி ஒரு சொல். ஸ்பீக்கரின் வயிறு புடைத்திருந்தால் அது லிதியம் மின்கலம் வீங்கியதால். குத்தாதீர்கள், திறக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். பழைய மின்கலம் சேர்க்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கும் பிறகு பேரன் ஒரு புளூரூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தான். பூட்டிக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். போட்டவுடன் உள்ளிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் உரத்து ஏதோ அறிவித்தாள். அம்மா திடுக்கிட்டு, "பாத்தியே, இதிலயும் வெள்ளைக்காரி நிக்கிறாள்" என்றார்.

பிறகு கேட்டார்: "இது இரையாதோ தம்பி?"

"இரையாது அம்மா. பழையதெண்டால் அலை குறையக் குறைய இரையும். இது கடைசிவரைக்கும் வடிவாகக் கேக்கும், பிறகு ஒரேயடியா நிண்டுபோகும்."

கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப அது நிண்டிட்டுதோ, இல்லாட்டி அங்க கதைக்காமல் இருக்கினமோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

முப்பது வருடத்துக்கு மேல் றேடியோ திருத்துகிறேன், இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. இரைச்சலுக்கு ஒரு நன்மை இருந்தது. பெட்டி உயிரோடிருக்கிறது, நிலையம்தான் தெளிவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவருடைய ஸ்பீக்கரில் தொடர்பு இருந்தால் நீல விளக்கு நின்று எரியும், அறுந்தால் படபடவென்று மினுங்கும். அந்த விளக்கு பின்பக்கத்தில் இருந்தது. ஆகவே ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன், முதுகு அவரைப் பார்க்கும்படி. ஒலி சுவரில் பட்டு வருவதால் கொஞ்சம் மந்தம்தான். தொலைபேசியை அதே மேசையில், சார்ஜ் வயரோடு, கழற்றவேண்டாம் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டு ஸ்பீக்கரிலும் விளக்கு எந்தப் பக்கம் என்று ஒருமுறை பாருங்கோ.